அடுப்பை அணைத்துவிட்டுப் பரக்கத்தைத் தேடுகிறோமா?





சில மாதங்களுக்கு முன் ஓர் அகீகா விருந்தில் துஆ ஓதுவதற்காக அழைக்கப்பட்டோம். அழைத்தவர் எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை. ஐவேளைத் தொழுகையாளி. ஸகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர். விருந்து நடந்த இடமோ ஒரு பெரிய விடுதி. மின்தூக்கியை விட்டு இறங்கியதும் எதிரெதிராக இரண்டு கதவுகள். இடக்கதவுக்குள் நம் விருந்து, வலக்கதவுக்குள் மதுக்கூடம். இரண்டிற்கும் ஒரே பணியாளர்கள்தாம் தட்டேந்திச் சென்றார்கள். பிறந்து சில வாரங்களே ஆன அந்தப் பச்சிளம் குழந்தைக்காக நாம் கையேந்தியபோது, சுவருக்கு அப்பாலிருந்து ஆட்டப் பாட்டத்தின் ஒலி வந்துகொண்டிருந்தது. துஆ முடிந்தது. அழைத்தவரின் மனம் நோகுமே என்ற கூச்சத்தில் நாமும் அமர்ந்து உண்டோம்.

மறுநாள் மதரஸாவில் அந்த மாணவர், "ஹஜ்ரத், எதிர்க் கதவுக்குள்ளே என்ன இருந்தது?" என்று கேட்டார். பதில் கூறாமல் பாடத்தைத் தொடர்ந்தோம். அந்தச் சிறுவருக்கு நாம் கடன்பட்டுள்ள பதிலே இக்கட்டுரை. இதில் பிறரைச் சாடும் இடங்கள் உண்டு. அந்தச் சாடலில் எம்மையும் சேர்த்தே எழுதுகிறோம்.

நாம் எதை மறுக்கவில்லை?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். உணவகத்தில் உண்பது ஹராம் என்று நாம் கூறவில்லை. சுவையாக உண்பதைக் குற்றம் என்றும் கூறவில்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தையும் தூய உணவுகளையும் தடைசெய்தவர் யார் என்று அஃராஃப் அத்தியாயமே வினவுகிறது. பயணிகளுக்கும், வெளியூரில் தங்கிப் பயிலும் மாணவர்களுக்கும், குடும்பத்தைப் பிரிந்து வேலை செய்வோருக்கும் உணவகம் ஓர் அருட்கொடை. நம் சமுதாயத்தில் எண்ணற்ற குடும்பங்கள் உணவகத் தொழிலால் வாழ்கின்றன. எம் மாணவர்களின் தந்தையருள் பரோட்டா மாஸ்டர்கள் உண்டு. பிரியாணி தேக்சாவின் முன் வியர்வை சிந்தும் பண்டாரிகள் உண்டு. அவர்களின் உழைப்பு கண்ணியமானது. அந்த உழைப்புக்கு எதிராக ஒரு சொல்லும் எம்மிடம் இல்லை.

எம் கேள்வி வேறு. எப்போதேனும் சென்று உண்ட இடம், இன்று நம் மகிழ்ச்சிக்கும் விருந்துக்கும் உறவுக்கும் ஒரே இடமாகிவிட்டதே, ஏன்? தேர்வில் தேறினால் உணவகம். சம்பளம் வந்தால் உணவகம். உறவினர் வந்தால் உணவகம். ரமளானில் சஹர் நேரத்திற்கும் உணவகம். வீட்டின் அடுப்போ தேநீருக்கும் முட்டைக்கும் உரியதாய்ச் சுருங்கிவிட்டது. இதனால் நாம் இழப்பது பணம் மட்டும்தானா?

"ஹலால்தானே?" என்ற ஒற்றைக் கேள்வி

நம்மவர்கள் உணவகத்தில் நுழைந்ததும் ஹலாலா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி ஆட்டின் கழுத்தோடு நின்றுவிடுகிறது. அறுத்தவர் யார் என்று விசாரிப்பவர், அதே கூடத்தில் பரிமாறப்படுவது என்ன என்று விசாரிப்பதில்லை.

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர், மது சுற்றிவரும் உணவு விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீ பதிவு செய்துள்ளார். குடிப்பதைப் பற்றி மட்டும் அந்த அறிவுரை பேசவில்லை. உடன் அமர்வதைப் பற்றிப் பேசுகிறது. ஒரே மேசை என்றால் விலக்கம் தெளிவு. ஒரே கட்டடம், தனித்தனி அறை என்னும்போது அறிஞர்களிடையே விரிவான பேச்சு உண்டு. பயணம், நிர்ப்பந்தம் போன்ற நிலைகளுக்குச் சலுகையும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அகீகாவிற்கு என்ன நிர்ப்பந்தம்? நம் மஹல்லாக்களில் மண்டபங்கள் இல்லையா? வீட்டு மாடி இல்லையா? தமிழ்நாட்டில் நட்சத்திர விடுதிகள் மதுக்கூடத்துக்கென உரிமம் பெற்றே நடத்துகின்றன என்பது யாவரும் அறிந்தது. அறிந்துகொண்டே அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தது, அதன் பெயரை அழைப்பிதழில் அச்சிட்டால் மதிப்பு என்பதற்காகத்தானே?

அகீகாவின் இறைச்சியில் ஏழைக்கும் அண்டை வீட்டாருக்கும் பங்கு உண்டு. அந்த மின்தூக்கியில் ஏறி வர எந்த ஏழைக்குத் துணிவு வரும்? செல்வர்கள் அழைக்கப்பட்டு வறியவர்கள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அந்த உணவின் இறைச்சியும் ஹலாலாகவே இருந்திருக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

பரணில் ஏறிய சஹன்

அண்மைக் காலமாக நம் ஊர்களில் மந்தி உணவகங்கள் பெருகியுள்ளன. மந்தி என்பது ஏமனின் ஹழ்ரமவ்த் பகுதியிலிருந்து வந்த உணவு. மண்ணைத் தோண்டி அமைத்த அடுப்பில், சோற்றின் மேல் இறைச்சியைத் தொங்கவிட்டு மூடி வேகவைப்பார்கள். நம் இளைஞர்கள் அங்குச் சென்று, தரையில் விரித்த விரிப்பில் சம்மணமிட்டு, ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்கிறார்கள். "சுன்னத்தான முறை" என்று மகிழ்ந்து படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பது தலைமுறை தலைமுறையாய் வந்த வழக்கம். நெய்ச்சோறும் களறிக்கறியும் அந்தத் தட்டில்தான் வந்தன. நம் வீடுகளில் சுப்ரா விரித்து, சிறியவரும் பெரியவரும் ஒன்றாய் அமர்ந்த காலம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சஹனைப் பரணில் ஏற்றிவிட்டோம். சுப்ராவைச் சுருட்டி வைத்துவிட்டோம். வீட்டில் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு கைப்பேசி. பிறகு, நாம் கைவிட்ட அதே அமர்வைப் பணம் கொடுத்து வாங்குகிறோம்.

உண்கிறோம், ஆனால் வயிறு நிறையவில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, நீங்கள் பிரிந்து பிரிந்து உண்கிறீர்களோ என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒன்றுகூடி உண்ணவும் அல்லாஹ்வின் பெயர் கூறவும் பணித்து, அதில் பரக்கத் உண்டு என்றார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. பரக்கத் எங்கே போயிற்று என்று கேட்கும் குடும்பத்தார், தம் வீட்டில் கடைசியாக எப்போது எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

சிறுவராயிருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை தட்டெங்கும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். புகாரியில் வரும் இந்த நிகழ்ச்சியை நாம் மதரஸாவில் பாடமாக நடத்துகிறோம். மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் பொதுத்தட்டு ஒன்றையே காணாத பிள்ளைக்கு, 'அருகிலிருப்பதை உண்' என்ற சொல்லின் பொருள் எப்படி விளங்கும்? மற்றவருக்காகக் கறித்துண்டை விட்டு வைப்பதை எந்தப் பாடநூலால் கற்பிக்க முடியும்?

குற்றவாளி பெண்ணா?

இவ்விடத்தில் சில மேடைப் பேச்சாளர்கள் ஓர் எளிய விடையை வைத்திருக்கிறார்கள். "இக்காலப் பெண்கள் சோம்பேறிகள், சமைக்க வணங்குவதில்லை, ஆகவேதான் ஆண்கள் ஹோட்டலுக்கு ஓடுகிறார்கள்" என்பதே அது. ஜும்ஆ மேடையிலிருந்தும் இதைக் கேட்டிருக்கிறோம். இதை வன்மையாக மறுக்கிறோம்.

மார்க்கச் சட்ட நூல்களைத் திறந்து பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி, சமைப்பது மனைவியின் மீது சட்டக் கடமையன்று. ஹனஃபி அறிஞர்கள் அதை மார்க்க ஒழுக்கம் சார்ந்த கடமையாகக் கூறினாலும், நீதிபதி வற்புறுத்தி வாங்கக்கூடியதாகக் கூறவில்லை. நம் வீட்டுப் பெண்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளாய் அடுப்படியில் நிற்பது நமக்குச் செய்யும் பேருபகாரம். உபகாரத்தைக் கடனாக வசூலித்துவிட்டு, கை ஓய்ந்தபோது சோம்பேறி என்பது நன்றிகெட்ட செயல். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், தமக்கு நன்றாக ரொட்டி சுடத் தெரியாது என்றும், அண்டையிலிருந்த அன்சாரிப் பெண்கள் சுட்டுத் தருவார்கள் என்றும் தாமே கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்களை யாரும் மேடையேறிச் சாடவில்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். எந்த உணவையும் நபியவர்கள் குறைகூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்கிறார் அபூஹுரைரா (ரலி). தாடியின் அளவிலும் ஆடையின் நீளத்திலும் சுன்னத்தைத் தேடும் நாம், இவ்விரு சுன்னத்துகளை எங்கே வைத்தோம்? உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுகிறோம். உண்ட தட்டை எடுத்து வைக்க எழுவதில்லை. பெருநாளன்று தொழுதுவிட்டு வந்து கறியும் சோறும் எங்கே என்று கேட்கிறோம். அந்தக் கறிக்காகப் பெருநாள் தொழுகைக்கே போக இயலாமல் நின்றவர் யார் என்று கேட்பதில்லை. இந்நிலையில் ஒரு பெண், வாரத்தில் ஒருநாளாவது வெளியே உண்ணலாம் என்று விரும்பினால், அவ்விருப்பம் சோம்பலன்று. ஓர் இரவேனும் பாத்திரம் துலக்காமல் உறங்கலாமே என்ற ஏக்கம். அதற்குரிய மருந்து உணவகத்தில் மட்டும் இல்லை. ஆண்களின் கைகளிலும் இருக்கிறது.

எம் வீட்டில் அற்றுப்போன ஓர் உணவு

எம் அன்னையார் தக்கடி செய்வதில் தேர்ந்தவர். அரிசி மாவில் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் சேர்த்து வெந்நீரில் பிசைந்து, கைக்குள் அழுத்திப் பிடித்து, கொதிக்கும் ஆட்டிறைச்சிக் குழம்பில் ஒவ்வொன்றாய் இடுவார்கள். அவர்களின் ஐந்து விரல்களின் தடமும் அந்த மாவுருண்டைகளில் பதிந்திருக்கும். எம் உடன்பிறந்தோர் மூவரும் ஆண்கள். மூவரும் உண்டோம், ஒருவரும் அடுப்படிக்குள் சென்று கற்கவில்லை. அது எங்களுக்குரிய இடமல்ல என்று எண்ணியிருந்தோம்.

அன்னையார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிபெறச் செய்வானாக! எத்தனையோ உணவகங்களில் தக்கடி என்று எழுதியிருப்பதைக் கண்டு உண்டு பார்த்தோம். அந்தச் சுவை இல்லை. மாவுக்கு வெந்நீர் எவ்வளவு, எந்தக் கொதியில் இடவேண்டும் என்பதைக் கேட்டுவைக்காதவர் நாமே. நாற்பது ஆண்டுகள் அவர்களின் கையால் உண்ட நாம், ஒருநாளும் அவர்களின் அருகில் நின்றதில்லை. நாம் இழந்தது ஒரு பண்டத்தை மட்டுமன்று, அன்னையாரோடு நின்றிருக்க வேண்டிய அந்த நேரத்தையும் இழந்தோம்.

ஒவ்வொரு வீட்டிலும் இத்தகைய ஓர் உணவு இருக்கும். ஓரிடத்தில் வாடா, ஓரிடத்தில் தொதல், ஓரிடத்தில் வட்டிலப்பம், ஓரிடத்தில் ஆம்பூர்க்காரரின் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும். அதைச் செய்யத் தெரிந்த முதியவர் இன்று அடுப்பருகே அமர்ந்திருக்கிறார். பேரனோ கைப்பேசியில் விரலை அழுத்தி வேறோர் ஊரின் உணவை வரவழைத்துக்கொண்டிருக்கிறான்.

விரயம்: இருபக்கமும் உண்டு

உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், வரம்பு மீறுவோரை நேசிப்பதில்லை என்று 7ஆம் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் எச்சரிக்கின்றான். அளவில்லா உணவு என்று விளம்பரம் செய்யும் இஃப்தார் விருந்துகளுக்குச் சென்று பாருங்கள். நோன்பு திறந்த கையோடு தட்டை மலையாய்க் குவிக்கிறோம். மஃரிப் தொழுகையை அவசரமாய் முடிக்கிறோம், அல்லது இழக்கிறோம். எழும்போது பாதித் தட்டு குப்பைக்குப் போகிறது. பணம் கொடுத்துவிட்டோமே என்கிறார்கள். கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணச் சொன்ன நபியின் உம்மத்து, பணம் கொடுத்தால் விரயம் ஆகுமாகிவிடும் என்று எங்கே கற்றது?

ஆயினும் பழியை உணவகத்தின் மீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும், உணவகம் போன்ற உணவுச் சேவை இடங்களின் பங்கு 28 சதவீதம் என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆகவே அடுப்பை மீண்டும் மூட்டினால் மட்டும் போதாது. நேற்றைய ஆணத்தை இன்று சூடாக்கி உண்ண மறுக்கும் நாக்கையும் நாம் திருத்த வேண்டும். வீட்டில் காடி மட்டுமே இருந்தபோது அதையே நல்ல தொடுகறி என்று புகழ்ந்து உண்டவர் நம் தலைவர் (ஸல்) அல்லவா?

உடல்நலத்தையும் எண்ணிப் பாருங்கள். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய்க்கு, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 சூலை முதல் வரம்பு விதித்துள்ளது; கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைக் கடந்தால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது. 2022இல் காசர்கோட்டிலும் 2023இல் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட பின் பள்ளி மாணவியர் உயிரிழந்ததை நாளிதழ்களில் படித்தோம். எல்லா உணவகங்களும் அப்படியல்ல. ஆனால் எண்ணெயை எத்தனை முறை காய்ச்சினார்கள் என்பதை உறுதியாக அறிய, நம் வீட்டு அடுப்பைப் போன்ற இடம் வேறில்லை.

என்ன செய்யலாம்?

குறைகூறி முடிப்பது எளிது. எம்மால் இயன்றதை எம் வீட்டில் தொடங்கியுள்ளோம்; அதையே உங்களுக்கும் முன்வைக்கிறோம்.

வாரத்தில் ஒருநாள் ஆண்கள் சமைக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவை நாம் எடுத்துக்கொண்டோம். முதல் வாரம் சோறு குழைந்தது, பருப்பு அடிப்பிடித்தது. எம் மனைவி ஒரு சொல்லும் குறை கூறாமல் உண்டார். அந்தச் சுன்னத் யாரிடம் உயிரோடு இருக்கிறது என்பதை அன்று விளங்கிக்கொண்டோம்.

நாளில் ஒருவேளையாவது சுப்ராவை விரியுங்கள். கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஒரு கிண்ணம் எதிர்வீட்டிற்குச் செல்லட்டும். அவர்கள் எம்மதத்தவராயினும் செல்லட்டும். ரமளானில் நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரம் ஏந்தி வரும் பிறமதச் சகோதரர்களை நாம் மகிழ்வோடு வரவேற்பதில்லையா? அந்தக் கஞ்சியைப் போல் நம்மை ஊரோடு இணைத்த உணவு வேறெது?

வெளியே உண்ணச் செல்லும்போது, மது பரிமாறும் இடத்தைத் தவிர்த்து, உழைத்து வாழும் நம்மவரின் எளிய உணவகத்தைத் தேர்ந்தெடுங்கள். கடன் அட்டையில் உண்ணாதீர்கள். எஞ்சியதைக் கட்டி வாங்கி வருவதில் வெட்கப்படாதீர்கள். மேசை துடைக்கும் இளைஞரை உங்கள் பிள்ளை விரல் சொடுக்கி அழைக்க அனுமதியாதீர்கள். சமையலின் வெப்பத்தைத் தாங்கிய பணியாளருக்கு அந்த உணவிலிருந்தே ஒரு கவளமேனும் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

அகீகாவை, வலீமாவை, வீட்டிலோ மஹல்லா மண்டபத்திலோ வையுங்கள். தெருக்கோடியில் இருக்கும் ஏழை செருப்பைக் கழற்றிவிட்டுக் கூச்சமின்றி உள்ளே வரக்கூடிய இடமாக அது இருக்கட்டும்.

இறுதியாக, உங்கள் தாயாரோ பாட்டியாரோ இன்னும் இருப்பின், இந்த வாரமே அவர்களின் அருகில் நின்று ஓர் உணவையேனும் கற்றுக்கொள்ளுங்கள். மகன்களுக்கும் சேர்த்தே இதைக் கூறுகிறோம்.

எதிர்க் கதவுக்குள் என்ன இருந்தது என்று கேட்ட அந்த மாணவரை இந்த வாரம் தனியே அழைத்துப் பதில் கூறினோம். அந்த விருந்தில் நாம் உண்டது தவறு என்பதையும் கூறினோம். அவர் சற்று நேரம் எம் முகத்தைப் பார்த்தார். பிறகு, "தங்கச்சிக்குப் பெயர் வைத்ததை எங்கள் வீட்டிலேயே வைத்திருந்தால் நன்னியும் வந்திருப்பார்கள் ஹஜ்ரத், அவர்களால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை" என்றார்.

வல்ல அல்லாஹ், நம் வீடுகளின் அடுப்புகளில் பரக்கத்தையும், நம் சுப்ராவைச் சுற்றி அன்பையும், நம் கைகளில் பிறருக்குக் கொடுக்கும் குணத்தையும் நிலைக்கச் செய்வானாக! நம் பெற்றோருக்கு அவர்கள் ஊட்டிய ஒவ்வொரு கவளத்திற்கும் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.